வெள்ளை மாளிகையை உள்ளே இடித்த படங்கள்

சென்னையில் நான் ஆர்க்கிடெக்ட். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தபின் அது பழைய பேச்சாகிவிட்டது. இங்கே லைசென்ஸ் வாங்க மறுபடி பரீட்சை எழுத வேண்டும், இங்குள்ள வேலை அனுபவமும் வேண்டும். முதலில் விசா விடவில்லை, பிறகு குழந்தை விடவில்லை. ஒருவழியாக வேலை செய்ய அனுமதி கிடைத்தபோது பார்சிப்பனியில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். பள்ளிக்கூடங்களுக்காகப் பழைய புகைப்படங்களைத் தொகுக்கிறவர்கள். ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறதென்று நாலு வரி எழுதுவது என் வேலை.

அந்தச் சமயம் எனக்கு வந்தவை வெள்ளை மாளிகையின் அறைகள். பூப்போட்ட சுவர்த்தாள், கனத்த திரைச்சீலை, சரவிளக்கு என்று சலிப்பாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அதே வீட்டை 1950 வாக்கில் புதுப்பிக்க உள்ளே முழுக்க இடித்துப்போட்ட படங்கள் வந்தன. வெளிச்சுவர் மட்டும் நிற்கிறது. உள்ளே வெறும் மண், நடுவில் ஒரு புல்டோசர். வாசலைப் பெரிதாக உடைக்க ஜனாதிபதி சம்மதிக்காததால் புல்டோசரைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் மறுபடி பூட்டியிருக்கிறார்கள். வருஷக்கணக்காகக் குழாய்க்கும் ஒயருக்கும் உத்தரங்களை வெட்டி வெட்டி, கடைசியில் ஒரு பியானோவின் கால் தரையைப் பொத்துக்கொண்டு இறங்கிவிட்டதாம். கல்லூரிக்குப் பிறகு அவ்வளவு ஆசையாக நான் எதையும் பார்த்ததில்லை.

அதே மாதம் எங்கள் மான்மவுத் ஜங்ஷன் வீட்டில், கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட என் கணவர் முடிவு செய்தார். கான்ட்ராக்டர் அளவெடுக்க வந்த நாளில்தான் எனக்கே தெரியும். நான் பேஸ்மென்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்தச் சுவருக்கு நேர் கீழே வரிசையாகத் தூண்கள். மாடியின் பாரம் அந்தச் சுவர்மேல்தான் இறங்குகிறது, எடுத்தால் பதிலுக்கு பீம் வேண்டும் என்று மேலே வந்து சொன்னேன். கான்ட்ராக்டர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்தார்.

"நீ பார்த்ததெல்லாம் செங்கல் கட்டடம். இது மர வீடு. அவர் தினமும் இதைத்தான் பண்றார்," என்றார் என் கணவர், தமிழில், கான்ட்ராக்டருக்குப் புரியாதபடி. ஆனால் அவர் குரலிலிருந்தே அந்த ஆளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சுவரின் மேல்பலகையைப் பிரித்த அன்று கான்ட்ராக்டர் என் கணவரின் ஆபீசுக்கு போன் செய்தார். உடனே அவர் எனக்கு போன் செய்தார். அது பாரம் தாங்குகிற சுவராம், ஸ்டீல் பீம் போட வேண்டுமாம். "நல்லவேளை, மனுஷன் கண்டுபிடிச்சு சொன்னான்," என்றார். நான் முன்பே சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. மறந்ததுபோல் நடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கிச்சன் முடிந்ததும் நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டோம். என் கணவர் கையில் தட்டோடு எல்லாருக்கும் பீமைக் காட்டி, கான்ட்ராக்டரின் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வடையை வைத்துவிட்டு, "அதை முதல்ல சொன்னது நான்," என்றேன்.

"இவளுக்கு எல்லாத்துலயும் ஒரு ஒபினியன் உண்டு," என்று அவர் சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள். மகள் மட்டும் என்னைப் பார்த்தாள். "லெட் இட் கோ, அம்மா," என்றாள் மெதுவாக.

எல்லாரும் போனபின், நாலு பேர் முன்னால் அவரை அவமானப்படுத்தினேன் என்று கோபித்துக்கொண்டார்.

"அவமானப்பட்டது நீங்களா?" என்று கேட்டேன். அவர் மாடிக்குப் போய்விட்டார்.

கிச்சன் நன்றாகத்தான் இருக்கிறது. வெளிச்சம் வருகிறது. வெள்ளை மாளிகைப் படங்கள் முடிந்து, இப்போது ரயில்வே ஸ்டேஷன் படங்களுக்கு நாலு வரி எழுதுகிறேன். போன வருஷம் பாத்ரூமை மாற்றும்போது அவர் என்னிடம், "டைல்ஸ் கலர் மட்டும் நீ செலக்ட் பண்ணு," என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

எதுவானாலும் சரி என்றேன். அவருக்கு அது சம்மதமாகக் கேட்டிருக்கிறது.