மேடைக்கு வந்த கரண்ட்

“பிப்ரவரி, முதல் சனிக்கிழமை. நீ அனுப்பினதைக் கேட்டேன். பாடுறது நான் இல்லடா, எவனோ ஸ்கூல் பையன். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வா. சரிபண்ணிக் கொண்டா.”

தென்னூரில் இருக்கும் என் கல்லூரி நண்பன் இதைத் தாளில் எழுதி, படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவனுக்கு எழுத்துதான் பேச்சு. தேதி போடும் வழக்கம் என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

படிக்கும் காலத்தில் அவன் ஒரு ராக் குழுவில் பாடினான். எல்லாம் பழைய ஆங்கிலக் குழுக்களின் பாட்டுகள். நான் பாடவில்லை, சேகரித்தேன். அந்தக் குழுக்களின் கச்சேரிகளை யாரோ கூட்டத்தில் உட்கார்ந்து பதிவு செய்திருப்பார்கள், கடையில் கிடைக்காது. பிரதிக்குப் பிரதியாகக் கைமாறி, தபாலில் ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேரும். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனையாவது பிரதி, எந்தப் பாட்டின் நடுவே கேசட் திருப்பப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு.

நானே பதிவு செய்தது ஒன்றே ஒன்று: அவனுடைய கடைசிக் கச்சேரி. திருச்சியில் ஒரு மண்டபம். இரவல் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துத் துண்டால் மூடியிருந்தேன். பேட்டரி தீரத் தீர நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிவானது இப்போது வேகமாகக் கேட்கிறது. கடைசிப் பாட்டில் குரல் கீச்சென்று ஏறிவிடுகிறது. அவன் தனியாகப் பாடிய பாட்டு அதுதான்.

நாடாவை மறுபடி ஓட்ட எனக்குத் துணிவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்றே ரெக்கார்டருக்குள் பழுப்புப் பொடி உதிர்ந்து கிடந்தது. ஏற்றியதை வைத்துத்தான் வேகத்தைத் திருத்தவேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. மேடை ஸ்பீக்கரில் அடியில் ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். அது கரண்டின் இரைச்சல்; ஊர் முழுக்க ஏறக்குறைய ஒரே சுருதியில் இருக்கும். அதை அதன் இடத்துக்கு இறக்கினால் பாட்டும் தன் இடத்துக்கு வந்துவிடும். புதன்கிழமைக்குள் முடித்துவிட்டேன். கனத்த, நல்ல குரல். நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பல் தேய்க்கும்போது சந்தேகம் வந்தது. அன்று மேடை ஜெனரேட்டரில் ஓடியிருந்தால்? ஜெனரேட்டர் கரண்டின் இரைச்சல் அதன் வேகத்துக்குத் தக்கபடி சுருதி கூடும், குறையும். கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால் நான் குரலை அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறேன். நோட்டை எடுத்துப் பார்த்தேன். எத்தனையாவது வரிசையில் உட்கார்ந்தேன் என்பது இருக்கிறது. பேட்டரி எங்கே வாங்கினேன் என்பதுகூட இருக்கிறது. கரண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அன்று மைக்செட் போட்ட கடை அரியமங்கலத்தில் இன்னும் இருக்கிறது. மகன் நடத்துகிறார். போன் செய்தேன்.

“ஜெனரேட்டர் இருந்துச்சு சார். கூப்பிட்டா அப்பா அனுப்புவாரு.”

“அன்னிக்கு அனுப்பினாரா?”

“அன்னிக்கு நான் பொறக்கவே இல்ல சார்.”

அந்தக் கச்சேரிக்குப் பிறகு அவன் சர்ச்சில் நாற்பது பேரோடு சேர்ந்துதான் பாடினான். தனியாக அவன் குரல் இருப்பது இந்த ஒரு பாட்டில்தான். நான் எதைக் கொடுத்தாலும் இனி அதுதான் அவன் குரல். ஜெனரேட்டர் கொஞ்சம் வேகமாக ஓடியதாக வைத்துக்கொண்டு இன்னொரு பிரதியும் செய்தேன். இரண்டையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பாலம் தாண்டுவதற்குள் சட்டைப்பையை நான்கு முறை தொட்டுப் பார்த்தேன்.

அவன் மனைவி கதவைத் திறந்தார். “வாங்கண்ணே. விடியக்காலமே குளிச்சு உக்காந்திருக்காரு. பொண்ணு பாக்க வர்ற மாதிரி.”

அன்று கரண்ட் போனதா என்று முதலில் கேட்டேன். அவன் தாளில் எழுதினான்: “போச்சு. மழை.”

“எங்க போச்சு? சீரியல் செட் லைட்டெல்லாம் எரிஞ்சுது. நான் எங்க அக்காவோட மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன்” என்றார் அவர்.

“ஜெனரேட்டர்லயும் எரியும்” என்று எழுதிக் காட்டினான்.

“ஆமா, மேடையில கண்ணை மூடிக்கிட்டுப் பாடினவருக்கு எல்லாம் தெரியும்!”

முதலில் புதன்கிழமைப் பிரதியைப் போட்டேன். பாட்டு முடிந்ததும் அவன் ‘இதுதான்’ என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினான். பிறகு இரண்டாவது. நான்கு வரி போவதற்குள் அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “இதுதாங்க நீங்க. இதேதான்.”

அவன் விரலால் மறுத்து, ‘1’ என்று பெரிதாக எழுதினான்.

“உங்களுக்கு உள்ளேயிருந்துதானே கேக்கும்? வெளியில நின்னு கேட்டது நானு” என்றார் அவர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மண்டபத்தில் நானும்தான் இருந்தேன். இரைச்சலைக் கேட்டேன், நாடாவைக் கேட்டேன். அவன் குரல் என் நினைவில் இல்லை. அதைச் சொல்லாமல், இரண்டும் இருக்கட்டும் என்றேன்.

ஸ்ரீரங்கம் திரும்பி, நோட்டில் அந்தப் பக்கத்தில் சேர்த்தேன்: “பிரதி 1, மின்வாரியக் கரண்ட் என்று கொண்டு திருத்தியது, பாடியவர் ஏற்றது. பிரதி 2, ஜெனரேட்டர் என்று கொண்டு திருத்தியது. அவர் மனைவி ஏற்றது. கரண்ட் போனது என்கிறார் பாடியவர், போகவில்லை என்கிறார் மனைவி. அன்று ஜெனரேட்டர் ஓடியதா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.”