பெயர் ஒட்டாத களிம்பு

டூட்டிங்கில் நான் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தரிப்பிடத்துக்கு நேர் எதிரே ஒரு சீன மருந்துக் கடை. அதன் கண்ணாடிக்குள் ஒரு முழ உயரத்தில் துணியில்லாத பிளாஸ்டிக் மனிதன் நிற்கிறான். உச்சி முதல் உள்ளங்கால் வரை கோடுகள், ஊசி குத்துவதற்கான புள்ளிகள், புள்ளிக்கொரு இலக்கம். யாழ்ப்பாணத்தில் இப்படியொன்றை வைத்தால் மறுநாளே யாராவது அவன் இடுப்பில் துணி சுற்றியிருப்பார்கள். இங்கே அவனை ஒருவரும் பார்ப்பதில்லை. நான் மட்டும் இரண்டு வாரமாகப் பார்த்தேன். அவன் தொடையிடுக்கில் ஒரு புள்ளியும் இல்லை. எனக்கு மருந்து வேண்டியிருந்தது அந்த இடத்துக்குத்தான்.

ஆறு வருட எக்ஸிமா அது. தொடையிடுக்கிலும் விதைப்பையிலும் தோல் தடித்து, வெடித்து, நீர் கசிந்து, காய்ந்து, மறுபடி வெடிக்கும். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, என் மனைவி வசந்திக்கு விசா கிடைத்த செய்தி வந்தது. ஐந்து வருடப் பிரிவுக்குப் பிறகு ஆறு கிழமையில் அவள் வந்துவிடுவாள். முதலில் இங்கே ஜீபி என்று சொல்லும் குடும்ப வைத்தியரிடம் போனேன். ஊரில் பத்து வருடம் பத்திரிகை ஆசிரியபீடத்தில் இருந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கியவன் நான். போர்நிறுத்தம், படுகாயம், இடைக்கால நிர்வாகம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் தெரியும். என் உடம்பின் அந்த இடத்துக்கு மட்டும் தெரியவில்லை. ஜீபி தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்து ஒலிபெருக்கியில் விட்டார்.

"வணக்கம் அண்ணை. நீங்கள் எந்த ஊர்?" என்றது ஓர் ஆண்குரல்.

"மானிப்பாய்."

"அட, நான் சுதுமலை! மானிப்பாயில எவடம்? ஆற்றை ஆள் நீங்கள்? சரி, அதைப் பிறகு கதைப்பம். என்ன வருத்தமெண்டு சொல்லுங்கோ."

"தோள்மூட்டு நோகுது" என்றேன்.

ஊரைக் கேட்காமல் எங்களில் ஒருவராலும் கதை தொடங்க ஏலாது. அந்த ஒரு கேள்வியோடு அறைக்குள் மாமன், மச்சான், ஒழுங்கை, கோயில் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வலிமாத்திரையும் தோளுக்கான உடற்பயிற்சித் தாளும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சீனக் கடையில் வைத்தியர் ஒரு வயதான பெண். ஆங்கிலம் தெரியாது. கல்லாவில் இருந்த இளம்பெண் மொழிபெயர்த்தாள். எங்கள் மூன்று பேருக்கும் பொதுவான சொந்தக்காரர் உலகத்தில் எவரும் இல்லை என்ற துணிவில் கையால் இடத்தைக் காட்டிவிட்டேன். இளம்பெண் கண்ணிமைக்காமல் எழுதிக்கொண்டாள். வைத்தியர் என் நாக்கைப் பார்த்தார். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வெகுநேரம் இருந்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"ஈரமான இடத்தில் வசித்தீர்களா என்று கேட்கிறார்."

"ஆம். பதினொரு நாட்கள்."

அவள் சிரித்தாள். "பதினொரு வருடங்கள்?"

"நாட்கள்."

அவள் அதை வைத்தியருக்கு எப்படிச் சொன்னாளோ தெரியாது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மணிக்கட்டிலிருந்த விரல்களையும் எடுக்கவில்லை.

வேர், பட்டை, ஏதோ ஒரு பூச்சி கழற்றிவிட்டுப் போன தோற்கூடு எல்லாம் காகிதப் பைகளில் வந்தன. உண்ணக் கூடாதவற்றை இளம்பெண் எழுதித் தந்தாள்: இறால், நண்டு, ஆட்டிறைச்சி. சொறியைக் கிளப்பும், கிரந்தி என்று ஊரில் ஒதுக்குகிற சாமான்கள்தான். அதில் கத்தரிக்காய் இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன். கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் நாலு பேர் பகிர்ந்திருந்த வீட்டின் குசினியில் அந்தக் கஷாயம் கொதித்தபோது, முன்னறைத் தவம் அண்ணை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"டேய் தம்பி, என்னடா இது, வண்டு மிதக்குது?"

"வயித்துக்கு அண்ணை."

"வயித்துக்கு ஓமத்தண்ணி இருக்கேக்க வண்டுத்தண்ணி குடிக்கிறாய். மனுசி வரேக்க நீ பறந்து போய்த்தான் ஏர்போட்டில நிக்கப்போறாய்."

கஷாயத்தோடு சின்ன டப்பாவில் வெள்ளைக் களிம்பும் தந்திருந்தார்கள். அதில் ஓர் எழுத்தும் இல்லை. கஷாயம் என்ன செய்ததோ அறியேன். களிம்பு நாலாம் நாளே தோலை ஆற்றிவிட்டது. ஆறு வருடத்துக்குப் பிறகு என் விரல்களுக்குச் செய்ய வேலை இல்லை. வசந்தி வருவதற்குள் அயலில் ஒரு மேல்மாடி அறை எடுத்தேன்.

அவள் வந்து இரண்டு கிழமை நாங்கள் புதிதாக மணமுடித்தவர்கள்போல இருந்தோம். டப்பா முடிந்தது. மற்றொன்று வாங்கப் போனேன். கடை பூட்டியிருந்தது, வாடகைக்கு என்ற பலகை தொங்கியது. ஐந்தே நாளில் நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பியது. முதுகுப் பிடிப்பு என்று சொல்லி நிலத்தில் படுத்தேன். அவள் தொட்டால் விலகினேன். என் ஓய்வு நாளொன்றில் மத்தியானம் அவள் இறால் குழம்பு வைத்தாள். வேண்டாம் என்றேன். கரண்டியை வைத்துவிட்டு, குளியலறையிலிருந்து வெறும் டப்பாவை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"இறாலும் வேண்டாம், நானும் வேண்டாம். இது என்ன மருந்து? நான் வாறதுக்கு முந்தி இஞ்ச ஆரும் பொம்பிளையோ?"

"இல்லையப்பா."

"அப்ப எனக்குச் சொல்லேலாத வருத்தம் என்ன?"

அலுமாரியில் இருந்த ஆவணக் கோப்பை எடுத்தேன். அகதி விண்ணப்பத்துக்கு நான் கொடுத்த வாக்குமூலம், பதினான்கு பக்கம், ஆங்கிலத்தில். வழக்கறிஞர் வாசித்திருக்கிறார், உள்துறை அதிகாரி வாசித்திருக்கிறார். அதன் பலத்தில் விசா பெற்று வந்தவள் வாசிக்கவில்லை. பதினொரு நாள் கழித்து இராணுவ முகாமிலிருந்து விட்டு வந்த அன்று அவளிடம் நான் சொன்னது ஒரு வரி: "அடிக்கேல்லை, சும்மா இருத்தி வைச்சவங்கள்." இப்போது அவளுக்கு எதிரே இருந்து, செய்தி மொழிபெயர்ப்பதுபோல வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். தண்ணீர் விட்ட சீமெந்து நிலம். பின்னால் கட்டிய கைகள். இடுப்பில் ஈரச் சாரம். அந்தப் பதினான்கு பக்கங்களில் இல்லாத ஒன்றையும் சேர்த்தேன்: நாலாம் நாள் தொடங்கிய அரிப்பு. சொறிய ஏலாது. அடி விழும்போது மட்டும் அது மறந்தது. அதனால் அடிக்குக் காத்திருந்தேன். வழக்கறிஞர் காயங்களைத்தான் கேட்டார். அரிப்பு அவருக்குப் பகிடியாகத் தோன்றுமென்று விட்டுவிட்டேன்.

வசந்தி குழம்புச் சட்டியை மூடினாள்.

"சும்மா இருத்தி வைச்ச ஆளின்ர சாரம் அப்பிடியோ இருக்கும்? நான்தானே தோய்ச்சனான். ரத்தமும் சீழும். மூண்டு தரம் சவர்க்காரம் போட்டன், போகேல்லை. வளவுக்குள்ள வைச்சு எரிச்சனான்."

"ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் இல்லையெண்டு சொன்னியள். நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கட்டுமெண்டு நினைச்சன்."

ஆஸ்பத்திரித் தோல் வைத்தியரிடம் அவள்தான் என்னை இழுத்துப் போனாள். மனைவி வெளியே இருக்கலாம் என்றார் அந்த இளம் வெள்ளைக்காரி. "நான் நிக்கிறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வசந்தி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். டப்பாவைப் பார்த்த வைத்தியர், இதற்குள் வலுவான ஸ்டீராய்ட் கலந்திருக்கக்கூடும், அந்த இடத்துத் தோல் மெல்லியது, பெயரில்லாத எதையும் இனிப் பூசாதீர்கள் என்றார். அந்தக் கடை மீது எனக்குக் கோபம் வரவேண்டும். ஆனால் ஈரத்தைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அந்தக் கிழவிதான்.

புதிய மருந்தில் நோய் மெல்ல ஆறுகிறது. போய்விடாது, அடங்கியிருக்கும் என்கிறார்கள். அரிப்பு கிளம்பும்போது மட்டும் வேறொன்று நடக்கிறது. என் இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. போன மாதம் வசந்தியோடு தபாற்கந்தோர் வரிசையில் அப்படி நின்றேன். பின்னால் நின்ற வயதான ஆங்கிலேயர் என் தோளைத் தட்டி, இராணுவத்தில் இருந்தீர்களா, நிற்கிற விதத்திலேயே தெரிகிறது என்றார், மிகுந்த மரியாதையோடு.

"என்னவாம்?" என்றாள் வசந்தி.

"ஆமியில இருந்தனானோ எண்டு கேக்கிறார்."

அவள் சிரிக்கவில்லை. என் முதுகுப்பக்கம் கையை விட்டு, விரல்களைப் பிரித்து, ஒரு கையை முன்னால் இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. மற்றக் கை பின்னாலேயே நின்றது, பிடிக்க எதுவும் இல்லாமல்.