இரக்கத்துக்கு எத்தனை மதிப்பெண்

மாசாணியம்மாளின் இடது கை அவித்த நிலக்கடலையை உடைத்துக்கொண்டிருக்கிறது. வலது கையில் சிவப்புப் பேனா. போத்தனூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். நரம்பு சுருட்டிய கால்களை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டுதான் விடைத்தாள் திருத்துவார். நாள் முழுக்க நிற்பவர்களுக்கு வரும் கோளாறு அது. தைலத்தைவிடக் காலை உயர்த்தி வைப்பதே நல்லது.

"என்ர பேப்பர்ல ஒரே கல்லக்காத் தோலுங்க மிஸ்" என்று பிள்ளைகள் கேலி செய்தால், "தோல ஊதிப்போட்டு மார்க்கப் பாரு கண்ணு" என்பார்.

எந்தக் கதையை எடுத்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "இதுல யாரு உக்காந்திருக்கறா, யாரு நிக்கறா?" உவமையும் அழகும் அதற்குப் பிறகு. "மிஸ்ஸு கதைக்குள்ள போனாலே நாற்காலி எண்ணுவாங்க" என்று பின்வரிசை சிரிக்கும். அவரும் சிரிப்பார். கேள்வி மட்டும் மாறாது.

இந்த முறை தேர்வுக்கு வந்த கதையில், களையெடுக்கும் பெண் ஒருத்தி தாகத்தோடு பண்ணை வீட்டு வாசலுக்கு வருகிறாள். வீட்டம்மாள் சொம்பை உயரத் தூக்கி அவள் கைகளில் தண்ணீர் ஊற்றுகிறார். அந்த அம்மாளின் குணம் என்ன என்பது கேள்வி. விடைக்குறிப்பு சொல்வது, இரக்கம். ரம்லா என்ற மாணவி, "சொம்பைக் கையில் கொடுத்திருந்தால் இரக்கம். இது வேறு" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். மாசாணியம்மாள் பத்துக்கு எட்டு போட்டார். அந்த எட்டு இல்லாவிட்டால் ரம்லா தேறமாட்டாள்.

துறைத் தலைவர் அரங்கசாமி விடைத்தாளைப் புரட்டினார். கெட்டவரல்ல, மாசாணியம்மாள் டெங்குவில் படுத்திருந்தபோது அவருடைய வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவர்.

"ஏனுங்க, இரக்கங்கற வார்த்தையே இந்தப் புள்ள எழுதலீங்களே?"

"இல்லீங்க சார். கதையப் படிச்சிருக்குது."

"அந்தம்மா தண்ணி குடுத்தாங்கல்லங்க?"

"ஊத்துனாங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. ரெண்டு மார்க் போட்டு முடிச்சுப்போடுங்க. சூன்ல உங்க வேல ஆர்டர்ல நாந்தான் கையெழுத்துப் போடோணும், மறந்துபோடாதீங்க."

மிரட்டும்போதும் அவருக்கு மரியாதை குறைவதில்லை.

"மறக்கலீங்க சார்" என்றார் மாசாணியம்மாள். ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் வேலை, மறக்கக்கூடியதல்ல. அன்று மாலை கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து, மதிப்பெண் பட்டியலில் எட்டு என்று மையால் எழுதிக் கையெழுத்திட்டார். மாடி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த அரங்கசாமி அதைப் பார்த்தார்.

"இப்பவும் மாத்தலாமுங்க."

"மாத்தறேனுங்க சார். மொதல்ல தண்ணி குடிங்க."

டம்ளரை எடுக்கப் போன அரங்கசாமியை மாசாணியம்மாள் தடுத்தார். "அது வேண்டாமுங்க. எந்திரிச்சுக் கைய நீட்டுங்க. குடிச்சுப்போட்டு இது இரக்கந்தான்னு சொல்லுங்க, மாத்திப்போடறேன்."

அரங்கசாமி சிரித்தார். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுந்து, இரு கைகளையும் குவித்தார். மாசாணியம்மாள் தண்ணீர் ஜக்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சாய்த்தார். தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. குடிப்பதற்கு அவர் குனிய வேண்டியிருந்தது. மாசாணியம்மாள் ஜக்கைத் தாழ்த்தவில்லை.