ஒரு தீக்குச்சிப் பருமன் காற்று

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை சிவநாதன் அண்ணையின் மனைவி வசந்தி அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. "பிள்ளை, அண்ணை போயிட்டார்." இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர் எழும்பவில்லையாம். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, நகரக் கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த தோட்டத் துண்டைத் திருப்பிக் கொடுக்கப்போவதாகவும், அந்தப் பூச்சிப் பெட்டியை யாரும் கொண்டுபோகட்டும் என்றும் சொன்னார். கொடுக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

லண்டனில் டூட்டிங் பக்கம் பஸ் ஓட்டிய சிவநாதன் அண்ணையை உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் கோலியர்ஸ் வுட்டில் பக்கத்துத் துண்டுக்காரர். துணிந்து ஒரு தேனீப்பெட்டி வாங்கினார். தேனீயைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் நூலகத்திலிருந்து புத்தகங்களைத் தூக்கி வந்து படித்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். படித்தது தலைக்குள் இருக்கும், நாலு பேர் முன்னால் வெளியே வராது.

முதல் வருச நவம்பரில் அண்ணை பெட்டியைக் கம்பளியால் சுற்றினார். மேலே பொலித்தீன். இடுக்குகளிலெல்லாம் துணி அடைத்தார். "இந்த நாட்டுக்கு வந்த முதல் வருசம் நான் நடுங்கின நடுக்கம் எனக்குத்தான் தெரியும். இதுகளுக்கும் குளிரும்தானே" என்றார். தேனீக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தாங்களே சூடு உண்டாக்கும், அவற்றைக் கொல்வது குளிர் அல்ல, மூடிய பெட்டிக்குள் சொட்டும் ஈரம் என்று நான் படித்திருந்தேன். ஆனாலும் அவ்வளவு அன்பாகச் சுற்றிய கம்பளியை எப்படிக் குறை சொல்வது? மூன்று கிழமை, இருபத்தொரு நாள், பேசாமல் கடந்து போனேன்.

ஒரு காலை பெட்டியின் வாசலில் தண்ணீர் கசிந்தது. அதில் நனைந்து ஒரு கைப்பிடி தேனீக்கள் செத்துக் கிடந்தன. அப்போதுதான் சொன்னேன். அண்ணை என்னையே பார்த்தார்.

"உது எப்ப தொடக்கம் தெரியும்?"

"மூண்டு கிழமையா, அண்ணை."

"அப்ப இதுகள் குளிரில சாகேல்லை. உம்மட வெட்கத்தில செத்ததுகள்."

சொல்லிக்கொண்டே கம்பளியை உருவி எறிந்தார். உள்மூடியின் நாலு மூலையிலும் ஒவ்வொரு தீக்குச்சியை வைத்தார், அந்தப் பருமனுக்குக் காற்று போய்வர. பிறகு தன் தகரப் பேணியில் இருந்த தேநீரை ஊற்றிவிட்டு அதைப் பெட்டியில் கவிழ்த்துப் பிடித்துக் காது வைத்தார். முகம் மலர்ந்தது. "வாரும், கேளும்!" குளிர்ந்த பேணிக்குள் தூரத்து மழைபோல ஓர் இரைச்சல். ஆயிரக்கணக்கான உயிர்கள்! கூச்சத்தை மறந்து துள்ளினேன்.

அதன் பிறகு குளிர்காலம் எங்களுக்குத் திருவிழாக் காலமானது. கடைசித் தேன் அங்கேதான் என்று வேலியில் ஏறிய ஐவிக் கொடியை வெட்ட மாட்டோம். விதை தின்ன வரும் சிவந்த முகக் குருவிகளுக்காகக் காய்ந்த தண்டுகளை நிற்க விடுவோம். இலைக் குவியலுக்குள் ஒரு முள்ளெலி. துண்டைக் கைவிட்டுவிட்டீர்களா என்று கேட்டவர்களுக்கு அண்ணை சொல்லும் பதில்: "எல்லாரும் உள்ளுக்குத்தான் இருக்கினம். சத்தம் போடாதேங்கோ."

அண்ணையின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று வீடு நிறைய ஆட்கள். அவர்கள் நடுவே எழுந்து நின்றேன். "அக்கா, துண்டைக் குடுக்காதேங்கோ. நான் பாக்கிறன். ஒருக்கா வந்து கேளுங்கோ, பிறகு சொல்லுங்கோ." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அக்கா தலையசைத்தார்.

பெப்ரவரியில் ஒரு மத்தியானம் நல்ல வெயில். அக்கா கறுப்புக் கோட்டில் வந்தார். அண்ணை இலையுதிர் காலத்தில் வைத்த தீக்குச்சிகள் அப்படியே இருந்தன. பேணியை வைத்துக் காது கொடுத்தவர், "ஓம்... கேக்குது" என்றார். அந்த வேளையில் தேனீக்கள் வெளியே வந்தன! முதலில் இரண்டு, பிறகு பத்து, பிறகு எண்ண ஏலாத அளவு. அக்காவைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. அவர் கண் கலங்க நின்றார். சற்று நேரத்தில் கோட்டெங்கும் மஞ்சள் புள்ளிகள். குளிர்காலம் முழுக்க வயிற்றில் அடக்கி வைத்ததைத் தேனீக்கள் முதல் வெயிலில்தான் கழிக்கும் என்று விளக்கினேன்.

"எனக்கு ஆறுதல் சொல்ல வந்ததுகள் எண்டெல்லோ நினைச்சன். பாரன் செய்த வேலையை!"

அண்ணை போன பிறகு அக்கா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். துண்டை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

அண்ணையுடையதாக என்னிடம் இருப்பவை அடி நசுங்கிய அந்தப் பேணியும் பாதி தீர்ந்த தீப்பெட்டியும். சொல்ல வேண்டியதை மூன்று கிழமை வைத்திருக்கும் பழக்கம் மட்டும் இப்போது என்னிடம் இல்லை.