நல்ல தண்ணி

பட்டாளம் காலி செய்துவிட்டுப் போன ஏற்காட்டு மலைக் கிடங்கில், நஞ்சேறிய மண்ணைத் தோண்டி அகற்றும் வேலை நடந்தது. அங்கிருந்த கிணற்று நீரைச் சோதனைக்கு எடுக்க நான் போயிருந்தேன்.

காவல்காரர் மூடுபனியிலும் சட்டை போடாதவர். அந்தக் கிணற்று நீரையே மொண்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது நல்ல தண்ணிங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"நொம்ப நல்ல தண்ணி சாமி. பாசி இல்ல, புழு இல்ல, ஒரு தவளகூட அண்டாதுங்க. இத்தன வருசமா இதத்தானுங்க குடிக்கறேன்," என்றார் பெருமையாக.

"அதனாலதாங்க சொல்றேன், குடிக்காதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே சொம்பை என்னிடம் நீட்டினார். வேண்டாமென்று மறுத்த என் கையில் கொசுக்கள் மொய்த்தன. அவருடைய வெற்றுடம்பில் ஒன்றுகூட உட்காரவில்லை.

இப்போதெல்லாம் கொசு கடித்தால் அடிக்கத் தோன்றுவதில்லை. நிம்மதியாக இருக்கிறது.