முடி வெட்டிய மரங்கள்

என் களக்குறிப்பேட்டில் முன்பக்கத்திலிருந்து எண்கள் வரும். பின்பக்கத்திலிருந்து மனிதர்களின் பேச்சு வரும். கம்பியில்லா அலைகளை ஆராய்பவனுக்கு ஊர்ப்பேச்சு எதற்கு என்று சக விரிவுரையாளர்கள் கேலி செய்வார்கள். என்ன செய்வது, நல்ல பேச்சு காதில் விழுந்தால் எழுதிவைக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது.

ஜெராம் பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஓலைகளுக்கிடையே அலை எவ்வளவு தூரம் போகும் என்று அளக்கப் போனேன். வருவதாக மேனேஜருக்கு முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தேன். அங்கே உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க வர்றீங்கன்னு எங்கள வேல வாங்குற மண்டோர் நேத்தே இந்த ரெண்டு நிரைக்கும் மட்டைய வெட்டிட்டாரு தம்பி. முடி வெட்டுன மாப்பிள்ள மாதிரி நிக்குது பாருங்க. அந்தப் பக்கம் காடா கெடக்கு, அங்க வச்சுப் பாருங்க லா."

"எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்றேன்.

ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஓலை குறைந்தால் அலை தூரம் போகும். ஆனால் அந்தப் பக்கம் முழங்கால் சேறு. பதவி உயர்வு விண்ணப்பத்துக்கும் நாள் நெருங்கியிருந்தது. அக்கா சொன்னதைப் பின்பக்கத்தில் ரசித்து எழுதிக்கொண்டேன். வெட்டிய நிரைகளில் அளந்த முன்பக்கத்து எண்கள் கட்டுரையாயின. இணைப் பேராசிரியர் ஆனேன்.

அந்த எண்களை நம்பித் தோட்டத்தில் எல்லாருக்கும் இடுப்பில் மாட்டும் உதவிப் பொத்தான் கொடுத்தார்கள்; ஆபத்தில் அமுக்கினால் அலைவழியே அலுவலகத்துக்குச் செய்தி போகும். ஒரு காலையில் அக்கா அந்தக் காட்டுப் பக்கத்து வாய்க்காலில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் முறிந்துவிட்டது. மதியம் லோரிக்காரர் கண்ணில் படும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார்.

வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அமுக்கி அமுக்கிக் கட்டவெரல்தான் தேஞ்சுச்சு. படிக்காதவ பாருங்க, சரியா அமுக்கத் தெரியல போல. மேனேஜர் கேட்டப்பகூட, தம்பியோட சாமான்ல கொறையில்லன்னு சொல்லிட்டேன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். குறிப்பேட்டை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினேன். "நீங்க சரியாத்தான் அமுக்கினீங்கக்கா. தப்பு என்னோடது."

தன் பேச்சைத் தானே கேட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

"எழுதி வச்சுக்கிட்டீங்க. கேக்கலையே தம்பி?"

அன்றே மேனேஜரிடம் போய், பொத்தானை நம்ப வேண்டாம் என்றேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கும் எழுத உட்கார்ந்தேன். பதவி என்னவாகும் என்று இன்னும் தெரியாது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் பெரிய பெரிய தொழில்நுட்பச் சொற்களாகவே வந்து விழுந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'எனக்கு முன்பே சொன்னார்கள்' என்று எழுதினேன்.