மாவு படிந்த ரயில் படங்கள்

ஹாக்ஸ்பெக் ஊர் கண் விழிக்கும்போது எல்லிஸ் கார்சைட்டின் வேலை முடிந்திருக்கும். ரொட்டிகளை அலமாரியில் அடுக்கி, கடையை அக்கா நெல்லியிடம் விட்டுவிட்டு, சாப்பிட்டு மாடிக்குப் போய்ப் படுக்கவேண்டிய மனிதர், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைச்சரிவுக்குப் போய்விடுவார். தூக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது.

சரிவின் கீழே ரயில்பாதை. கல்குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிய கூட்ஸ் வண்டி மதியத்துக்குமேல் அந்த வழியாக இறங்கும். முன்னால் மஞ்சள் முகப்போடு ஒரு நீல டீசல் எஞ்சின், பின்னால் வெள்ளைத் தூசி படிந்த பெட்டிகள், அவ்வளவுதான். எல்லிஸ் புல்லில் காதை வைத்துப் படுத்திருப்பார். முதலில் மண்ணுக்குள் ஒரு முனகல் கேட்கும். அது அவருடைய கனவுக்குள் புகுந்து ஒரு நாள் தேனீக்கூட்டமாகும், ஒரு நாள் அடுப்பின் இரைச்சலாகும். பிறகு எழுந்து உட்கார்ந்து, கனவு முழுக்கக் கலையாமலே ஒரு படம் எடுப்பார். வண்டி வளைவில் மறைந்ததும் மறுபடி சாய்ந்துவிடுவார்.

"பாதிப் படம் எடுத்ததே எனக்கு ஞாபகம் இருக்காது. கழுவிப் பாக்கிறப்பதான் அன்னைக்கு மழை பெஞ்சதே தெரியும்" என்று பின்னாளில் எங்களிடம் சொல்வார்.

எங்களிடம் என்றால், ஹாக்ஸ்பெக் கேமரா கிளப்பிடம். தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் வியாழக்கிழமை மாலைகளில் கூடுவோம். நான் அங்கே தேநீர் ஊற்றுவேன், நடுநடுவே ஆட்டுக்குட்டிகளைப் படம் எடுப்பேன்.

எல்லிஸை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவள் தெர்ஸா ஹோல்ராய்ட். மருந்துக்கடையில் வேலை செய்பவள், கணவரை இழந்தவள், மேகங்களின் நிழலைத் தவிர வேறொன்றையும் படம் எடுக்காதவள். ஓர் இலையுதிர்கால மதியம் எல்லிஸ் கண் விழித்தபோது, அவருக்கும் ரயில்பாதைக்கும் நடுவே கேமரா ஸ்டாண்டை ஊன்றிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். எதிர்மலையில் ஒரு பெரிய நிழல் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? வண்டி வருது."

"வரட்டுமே. அது தொலைஞ்ச பிறகுதான் நான் எடுக்கணும்."

"தொலையுறதா? அதுக்காகத்தானே நான் வந்திருக்கேன்!"

அவள் திரும்பிப் பார்த்தாள். தலையெல்லாம் புல், புருவத்தில் ரொட்டி மாவு. "நீங்க பேக்கரிக்காரர்தானே? இங்கயா தூங்குறீங்க? வீட்டுல கட்டில் இல்லையா?"

வண்டி வந்தது. அவள் தள்ளி நிற்கவில்லை. அந்தப் படத்தில் ரயிலின் பாதியைத் தெர்ஸாவின் தொப்பி மறைத்தது. அதைக் காட்டத்தான் அடுத்த வாரம் மருந்துக்கடைக்குப் போனார். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தொப்பி நல்லா விழுந்திருக்கு. வியாழக்கிழமை கிளப்புக்கு வாங்க" என்றாள்.

வந்தார். ஒரு தட்டு நிறைய இஞ்சி கேக்கோடு வந்தார். தலைவர் டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். தன் தோட்டத்து டேலியாப் பூக்களைப் படமெடுத்துப் பல கோப்பைகள் வென்றவர்.

"நீங்க எந்த வகைப் படம் எடுக்குறீங்க, மிஸ்டர் கார்சைட்?"

"நான் ரயில் போட்டோகிராபர்ங்க."

"ஓ, ரயில்வேல வேலையா?"

"இல்லீங்க, ரொட்டி சுடுறேன்."

கூடம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினார். அதற்குள் பாதிப் பேர் அவர் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

முதல் போட்டிக்கு வெளியூரிலிருந்து லோமாக்ஸ் என்ற நடுவர் வந்தார். படங்களை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் வைப்போம், அவர் குச்சியால் தொட்டுப் பேசுவார். டேலியாவைப் புகழ்ந்தார். என் ஆட்டுக்குட்டியைப் பார்த்து, "பசியாத்தான் இருக்கு போல" என்றார். பிறகு எல்லிஸின் படம் ஏறியது.

லோமாக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "ரயில். சரி. ரயில் பிடிச்சவங்களுக்குப் பிடிக்கும். புகை விடுற பழைய வண்டியா இருந்தாலாவது ஒரு அழகு இருக்கும். இது நகருற பெட்டிங்க. ஆமா, இதென்ன, பனி கொட்டுதா?"

படமெங்கும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். பின்வரிசையிலிருந்து எல்லிஸ் எழுந்தார். "அது மாவுங்க. நான் கடைக்குக் கீழ இருக்கிற நிலவறையிலதான் படம் கழுவுறேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அன்றைக்கு அவருக்குத்தான் எல்லாரையும்விடக் குறைந்த மதிப்பெண். "உங்க கேக்குக்கு இருபதுக்கு இருபது குடுத்திருப்பேன்" என்றார் லோமாக்ஸ், வாயில் துண்டோடு. நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் எல்லிஸ் காலித் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. தெர்ஸா ரொட்டி வாங்கப் போனாள். நெல்லி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "டேய் எல்லிஸ், உன் மேகக்காரி வந்திருக்கா! மூஞ்சியைக் கழுவிட்டு வா!"

"என்ன, கோபமா?" என்று கேட்டாள் தெர்ஸா.

"கோபம் இல்ல. அவர் சொன்னது சரிதான். நான் பாக்குறது எதுவும் அந்தப் படத்துல இல்ல. மண்ணு முனகுறது, தூக்கம், புல்லு வாசனை... வண்டி மட்டும்தான் இருக்கு. வண்டியை அவர் பெட்டின்னுதானே சொல்லுவார்?"

"அப்போ எங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. கிளப்பு மொத்தமும் வரட்டும்."

"பிக்கர்ஸ்கில் வருவாரா?"

"பன் கொண்டு வாங்க. வருவார்."

வந்தார், மடக்கு நாற்காலியோடு. மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் நாங்கள் எல்லோரும் அந்தச் சரிவில் ஏறினோம். பாதி ஏறும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. எதிர்மலை காணாமல் போனது, பாதை காணாமல் போனது, சற்று நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்ப்பதே சிரமமாயிற்று. ஸ்டாண்டுகளை வரிசையாக ஊன்றி, ஒன்றுமில்லாத வெள்ளையைக் குறிபார்த்து நின்றோம்.

வண்டி வரவில்லை.

"எப்ப வரும், கார்சைட்?" பிக்கர்ஸ்கில் கேட்டார்.

"இந்நேரம் வந்திருக்கணும்."

இன்னும் கொஞ்சம் கழித்து, "வருமா?"

"தெரியலீங்க. படுத்துக்கங்களேன்."

முதலில் தெர்ஸா படுத்தாள். பிறகு நான். பனியின் ஈரத்தில் புல் ஆட்டுக்கம்பளிபோல் மணத்தது. எங்கோ மேலே ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சு தேய்ந்து தேய்ந்து நின்றது. பிக்கர்ஸ்கில் நாற்காலியை மடக்கிவிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். நான் தூங்கினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செத்துப்போன என் அம்மா வெள்ளைத் துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டே போவதையும், துணிகளுக்கு முடிவே இல்லாததையும் பார்த்தேன். துணிகளுக்குப் பின்னால் யாரோ தாழ்ந்த குரலில் பாட ஆரம்பித்தார்கள். பாட்டு என் கன்னத்தின் வழியாக, பல்லின் வழியாக வந்தது. அப்போதுதான் காது தரையில் இருப்பதை உணர்ந்தேன்.

"வருது" என்றார் எல்லிஸ், மிக மெதுவாக.

ஒவ்வொருவராக எழுந்தோம். பனிக்குள் மங்கலாக ஒரு மஞ்சள் தோன்றி, பெரிதாகி, நீலமாக நீண்டது. வெள்ளைப் பெட்டிகள் வெள்ளைக்குள்ளிருந்து பிறந்து வெள்ளைக்குள்ளேயே போயின. சத்தத்தைக்கூட யாரோ பஞ்சில் சுற்றி அனுப்பியதுபோல் இருந்தது. சிலர் பட்டனை அழுத்தினார்கள். நான் அழுத்தவில்லை, மறந்துவிட்டேன். எல்லிஸ் மட்டும் ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றிருந்தார். அவருடைய கேமராவும் எங்கள் பக்கமே திரும்பியிருந்தது.

அதன்பின் வெகுநேரம் யாரும் பன்னைத் தேடவில்லை.

அடுத்த போட்டிக்கும் லோமாக்ஸே நடுவர். விளக்கின் முன் முதல் படம் ஏறியது: ரயில். இரண்டாவது: ரயில். மூன்றாவதும் ரயில் என்றதும் அவர் குச்சியைக் கீழே வைத்தார். "உங்க ஊருல என்னதான் நடக்குது? யாராவது ஒரு பூவையாவது எடுத்தீங்களா?"

"இந்த மாசம் இல்லைங்க" என்றார் பிக்கர்ஸ்கில், கொஞ்சம் வெட்கத்தோடு.

எல்லிஸின் படம் கடைசியில் வந்தது. பனியில் ஒரு புல்சரிவு. அதில் பத்துப் பன்னிரண்டு பேர், சிலர் முழங்காலில், சிலர் எழுந்தும் எழாமலும். பிக்கர்ஸ்கில்லின் தொப்பி ஒரு காதில் தொங்கியது. தெர்ஸாவின் தலையில் புல். எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பி, எல்லா வாயும் லேசாகத் திறந்து, அப்போதுதான் பிறந்தவர்களைப்போல. மாவுப் புள்ளிகள் இதிலும் இருந்தன. அவை பனியோடு பனியாகிவிட்டன.

லோமாக்ஸ் படத்தருகே குனிந்து பார்த்துவிட்டு, "இது ரயில் படம் இல்லையே?" என்றார்.

"ரயில் படம்தாங்க" என்றார் எல்லிஸ்.

"ரயில் எங்க?"

"அவங்க பாக்குறாங்களே."

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. லோமாக்ஸ் அந்தப் படத்துக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார். முதல் பரிசு பிக்கர்ஸ்கில்லின் ரயிலுக்குப் போனது: கலங்கி, சாய்ந்து, பாதி கரைந்த ஒரு நீலக்கோடு. நாற்காலி தடுக்கியதில் கேமரா ஆடிவிட்டதாம். வாழ்நாளெல்லாம் பூவை அசையாமல் பிடித்த மனிதர், அந்தக் கோப்பையை வாங்கும்போது அழுதுவிட்டார்.

எல்லிஸ் கிளப்பை விட்டுப் போகவில்லை. சில ஆண்டுகள் கழித்து, கடற்கரைப் பக்கத்து ஊர் கிளப் ஒன்று அவரையே நடுவராக அழைத்தது. நெல்லி கோட்டைத் தேய்த்துக் கொடுத்தாள். "எதையாவது குறை சொல்லு, இல்லேன்னா மதிக்க மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பினாள். அவரால் முடியவில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் வெகுநேரம் நின்று, "எனக்கு அந்த நேரத்துல அங்க இருந்திருக்கலாம்னு தோணுது" என்றார். ஒரு பூனை, ஒரு பாலம், யாருடைய பேத்தியோ. எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண். அந்த ஊர்க்காரர்கள் நன்றி சொல்லிக் கைகுலுக்கினார்கள், மறுபடி கூப்பிடவே இல்லை.

திரும்பும்போது பிளாட்பாரத்தில் எதிர்ப்பக்கம் போகிற வண்டியில் ஏறிவிட்டார். ஏறியதும் தூங்கியும் விட்டார். விழித்தபோது பாதை முடிந்திருந்தது. கோடைகால வெளிச்சம் இன்னும் வானத்தில் இருந்தது. கடல் வெகுதூரம் உள்வாங்கிப்போய், ஈரமணல் முழுக்க மேகங்களின் பிம்பமாகக் கிடந்தது. ஸ்டேஷன் வாசலில் இருந்த போனிலிருந்து கடைக்குக் கூப்பிட்டார்.

"எங்கடா இருக்க? சாப்பாடு ஆறிப்போச்சு" என்றாள் நெல்லி.

"கடல்கிட்ட."

"கடல்கிட்ட என்னடா பண்ற?"

"ஒண்ணும் பண்ணல. தெர்ஸாவைக் கூப்பிட்டு, அடுத்த வண்டில கிளம்பி வரச் சொல்லேன். அவ இதைப் பாக்கணும்."

தெர்ஸா வந்தாள். இருட்ட இன்னும் நேரம் இருந்தது.